உதிரம் அடங்கிய மாதங்கள்

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. பிள்ளைகளை அனுப்பிவிட்டுத்தான் என் டிரைவிங் மாணவிகள் ஸ்டியரிங்கைப் பிடிக்க வருவார்கள். அதனால் இனி முதல் வகுப்பு ஒன்பது மணிக்கு.

இன்று புதிதாக ஒருவர் சேர்ந்தார். ராபியத் பேகம், பேகம்பூர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். துபாயில் இருக்கும் மகன் லீவில் வந்தபோது கார் வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். "எலி வயரைக் கடிக்குது டீச்சர். எலிக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி ஆயிருச்சு. நான் ஓட்டினாத்தான் அது ஓடும்" என்றார். எது, எலியா காரா என்று கேட்டேன். ரெண்டும்தான் என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு வாங்கியது. சிரிப்புக்கே மூச்சு வாங்கும் வயது வந்துவிட்டது போல.

என் சீட்டில் மடித்துப் போட்டிருக்கும் துண்டைப் பார்த்து எதற்கு என்று கேட்டார். வெயிலில் சீட் சுடுகிறது என்றேன்.

ஜூன் 11, புதன்

அசதி. வேறொன்றுமில்லை. இந்த முறை நாள் தள்ளி வந்தது. வந்தது இன்னும் நிற்கவில்லை. நாற்பத்து நாலு வயதில் இப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரும் என்றால் பிலோமினா மதினி. என் வீட்டுக்காரரின் அக்கா. பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு எங்கள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்க வேண்டும் என்பதுவரை அவர்தான் சொல்வார்.

உலை வைக்கும்போது ஒரு பிடி பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். இப்போதெல்லாம் வகுப்புக்குப் போகும்போதும் ஒரு டப்பாவில் எடுத்துப்போகிறேன். பாக்கா, புகையிலையா? அரிசிதானே.

ஜூன் 15, ஞாயிறு

அம்மாவுக்கு நினைவுத் திருப்பலி. கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கறுப்புச் சுடிதார். நன்மை அப்பம் வாங்கப் போகாமல் பாதியிலேயே வெளியே வந்து, கழிவறை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். பூட்டியிருந்தது. வீட்டுக்கே வந்துவிட்டேன். கூட்டத்தில் புழுக்கம் என்று சொன்னேன்.

மத்தியானம் ஜெனிட்டா கேட்டாள். பன்னிரண்டாவது படிக்கிறாள், எல்லாவற்றுக்கும் கேள்விதான். "அம்மாச்சி எதுல செத்தாங்கம்மா?"

"வயித்துக் கோளாறு."

"வயித்துல என்ன?"

"போய்ப் படி."

ஜூன் 19, வியாழன்

ராபியத் அக்கா இன்னும் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. மூன்றாவதைப் போடச் சொன்னால், "எதுக்கு டீச்சர், இதுலயே நல்லாத்தானே போகுது?" என்கிறார். சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திப் போனார். திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டும் போனார்.

மருந்துக்கடையில் சொல்லி, நிற்க மாத்திரை வாங்கிப் போட்டேன். இரண்டு நாள் நின்றது. விட்டதும் முன்பைவிட மோசம். கட்டி கட்டியாகப் போகிறது. இதை எழுதவே கூசுகிறது.

காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் படுக்கை விரிப்பு கொடியில் தொங்குகிறது. நான் குளிக்கப் போன நேரத்தில் ஜெனிட்டா துவைத்துப் போட்டிருக்கிறாள் போல. பாவம் பிள்ளை. அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இவர் கடைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "டாக்டர்ட்ட போவமா?" என்றார். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற மனுஷர். நாளெல்லாம் வார்னிஷ் வாடையில் உட்கார்ந்திருப்பவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் அதிசயம். ஜெனிட்டாவுக்குப் பரீட்சை முடியட்டும் என்றேன். அவளுக்கு இப்போது பரீட்சை எதுவும் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

ஜூன் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரி. பேனா கனக்கிறது.

ஜூன் 25, புதன்

நேற்று ராத்திரியே ஜெனிட்டாவை வீட்டிலிருந்து டைரியை எடுத்து வரச் சொன்னேன், ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

காலை வகுப்பு. நத்தம் சாலையில் ராபியத் அக்கா ஓட்ட, நான் பக்கத்தில். பயிற்சிக் கார் என்பதால் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மாணவி மறந்தாலும் நான் மிதித்துவிடுவேன். இத்தனை வருஷத்தில் என் கால் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

தூரத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையின் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. "பிரேக்" என்று சொன்னேன். சொன்னதாகத்தான் நினைத்தேன், சத்தம் வரவில்லை. காதுக்குள் இரைச்சல். கண்ணுக்கு முன்னால் டிராக்டர் வெள்ளையாகி, பிறகு கறுப்பாகிவிட்டது. காலை அழுத்தினேன். கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

வண்டி உதறிக்கொண்டு நின்றது. நிறுத்தியது ராபியத் அக்காதான். வைக்கோல் ஒன்றிரண்டு பானெட் மேலே விழுந்து கிடந்ததாம். அவ்வளவு பக்கம்.

"டீச்சர்! டீச்சர்!" என்று உலுக்கினார். என்னை நிமிர்த்தி உட்கார வைக்கப் போனவர் தன் கையில் ஒட்டிய ரத்தத்தைப் பார்த்தார். துண்டு, சீட், சுடிதார் எல்லாம் நனைந்திருந்தது.  தன் துப்பட்டாவை எடுத்து என் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டார். ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்று பதில் வந்தது.

"நானே ஓட்டுறேன்" என்றார்.

"டவுனுக்குள்ளயாக்கா? வேணாம்... ஆட்டோ..." என்று முனகினேன்.

"இங்க எங்க இருக்கு ஆட்டோ? கம்முனு சாஞ்சுக்குங்க."

அப்புறம் நடந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவில் இருக்கிறது. லாரி ஹாரன். யாரோ திட்டியது. ராபியத் அக்கா யா அல்லா, யா அல்லா என்று முணுமுணுத்தது. எனக்குத் தொழில் புத்தி போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டே, "கிளட்ச்சு... கிளட்ச்ச முழுசா மிதிங்க... இண்டிகேட்டர்..." என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். ரவுண்டானா வந்தபோது அவர் ஒரு அதட்டுப் போட்டார்: "டீச்சர், நீங்க வாயை மூடிட்டுக் கண்ணைத் தொறந்து வைங்க! கண்ணை மூடினா எனக்குப் பயமா இருக்குல்ல?"

திறந்து வைத்தேன். அவர் கை கியருக்குப் போனது. மூன்றாவது விழுந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கி ஓடினாராம். வாட்ச்மேன், "வண்டிய ஓரமா போடும்மா" என்றதற்கு, "எனக்கு முன்னாடி போகத்தான் தெரியும், பின்னாடி எடுக்க இன்னும் சொல்லித் தரல" என்றாராம்.

ரத்தம் இருக்க வேண்டியதில் பாதிதான் இருக்கிறதாம். இப்போது இரண்டாவது பாட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. யாருடைய ரத்தமோ. அவர் நன்றாக இருக்கட்டும்.

ஜூன் 26, வியாழன்

டாக்டர் பெயர் உமையாள். என்னைவிட இளையவர். நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். எத்தனை மாதமாக இப்படி, எவ்வளவு போகிறது, கட்டியாகப் போகிறதா என்றெல்லாம். கொஞ்சம் குறைத்தே சொன்னேன். ஏன் குறைத்தேன் என்று தெரியவில்லை.

"பச்சரிசி, சாம்பல், ஐஸ்கட்டின்னு ஏதாவது திங்கணும் போல இருக்குதாம்மா?"

திடுக்கிட்டுவிட்டேன். யார் சொன்னது இவருக்கு? ரத்தத்தில் இரும்புச் சத்து வற்றிவிட்டால் சிலருக்கு அப்படித் தோன்றுமாம். அரிசியைப் போய் கெட்ட பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருந்துக்கடை மாத்திரை விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது. "அது ஹார்மோன் மாத்திரைதான். கெட்ட மருந்து இல்ல. ஆனா எதுக்கு ரத்தம் போகுதுன்னு பாக்காம, பாதியில நிறுத்துனா இப்படித்தான் திரும்ப வரும்" என்றார்.

அடுத்த கேள்வி: "குடும்பத்துல யாருக்காவது கர்ப்பப்பையில பிரச்சினை இருந்துச்சா?"

"இல்ல டாக்டர்."

"அம்மா இருக்காங்களா?"

"இல்ல."

"எத்தனை வயசுல போனாங்க?"

நாற்பத்தாறு என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நானே சொன்னேன். எனக்குப் பத்தொன்பது வயது. அம்மாவுக்கும் நிற்காமல் போனது. 'நிக்கிற காலம், அப்படித்தான் போகும்' என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா சேலையை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு சமைத்துக்கொண்டிருந்தாள். மதுரைக்குக் கொண்டுபோனபோது கர்ப்பப்பையில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். இதை என் கல்யாணத்தின்போதுகூட யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெண்ணுக்கும் வருமோ என்று மாப்பிள்ளை வீட்டில் யோசிப்பார்களாம்.

"அதனாலதான் வராம இருந்தீங்களா?" என்றார் டாக்டர்.

தலையை ஆட்டினேன். வந்தால் அதைச் சொல்லிவிடுவார்களே என்றுதான் வராமல் இருந்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய கட்டி எதுவும் இல்லை. உள்சவ்வு தடித்திருக்கிறது. அதிலிருந்து துளிச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சுருக்கென்று ஒரு வலி, அடிவயிற்றில் கிள்ளியது போல. முடிவு வர ஒரு வாரமாகும். அதுவரை ரத்தத்தை நிறுத்த ஹார்மோன் மாத்திரை, நாளைக்கு மூன்று வேளை.

சாயங்காலம் பிலோமினா மதினி வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம், வாயில் தீர்ப்பு. "எதுக்கு இந்த இழுபறி? எடுத்துப் போட்டுட்டா நிம்மதி. புள்ள பெத்தாச்சு, இனி அது எதுக்கு? ஹார்மோன் மாத்திரை தின்னா உடம்பு பீப்பா மாதிரி ஊதிரும், மீசை முளைக்கும், கடைசில அதுவே கேன்சர்ல கொண்டுபோய் விடும்."

ராபியத் அக்கா என்னைப் பார்க்க வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். மதினி போனதும் கட்டில் பக்கம் வந்தார்.

"எனக்கு எடுத்துட்டாங்க டீச்சர். அப்ப எனக்கு முப்பத்து மூணு. ஸ்கேனுமில்ல, ஒண்ணுமில்ல. ரத்தம் போகுதா, எடுத்துருன்னாங்க. முட்டைப்பையையும் சேத்து எடுத்துட்டாங்கன்னு வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரியும். அன்னிலேர்ந்து உடம்பெல்லாம் அனலா கொதிக்கும், எலும்பெல்லாம் வலிக்கும். எடுக்க வேண்டியதுன்னா எடுத்துத்தான் ஆகணும், நான் வேணாங்கல. ஆனா வேற வழி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுருங்க. எனக்கு அப்படிக் கேக்கலாம்னே தெரியாமப் போச்சு."

ஜூன் 28, சனி

வீட்டுக்கு வந்துவிட்டேன். மாத்திரை போட ஆரம்பித்த பிறகு நன்றாகக் குறைந்திருக்கிறது.

முதல் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மதினி சொன்ன மீசை ஞாபகம் வந்துவிட்டது. டாக்டர் உமையாளிடம் அதைக் கேட்டபோது சிரிக்கவில்லை. சிலருக்கு உப்பிசம் வரும், மார்பு வலிக்கும், எரிச்சல் வரும் என்றார். கெண்டைக்கால் ஒன்று வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, கண் மஞ்சளானாலோ உடனே வரச் சொன்னார். மீசைக்குப் பொறுப்பேற்கவில்லை. "முளைச்சா நான் ஷேவ் பண்ணி விடுறேன்மா" என்றாள் ஜெனிட்டா.

ஜூலை 2, புதன்

நின்றுவிட்டது. காலையிலிருந்து ஒரு சொட்டு இல்லை.

படுக்கை விரிப்பை நானே மாற்றினேன். "இத்தனை நாளா நீ துவைச்சது போதும்" என்று ஜெனிட்டாவிடம் சொன்னேன். அவள் முழித்தாள்.

"நான் எங்கம்மா துவைச்சேன்? அப்பாதான் துவைப்பாங்க. நீ குளிக்கிற நேரத்துல பின்னாடி குழாயடில. யார்ட்டயும் சொல்லாதன்னாங்க, நீ சங்கடப்படுவியாம்."

 மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வந்தபோது மீன் தலையை அவர் தட்டில் வைத்தேன். எப்போதும் அதை நான்தான் சாப்பிடுவேன். "என்ன இன்னிக்கு?" என்றார். சும்மா சாப்பிடுங்க என்றேன்.

ஜூலை 5, சனி

ரிசல்ட்.

இரண்டு பேரும் பைக்கில் போனோம்.  கடையைத் திறக்காமல் வந்திருந்தார். காத்திருக்கும் இடத்தில் மேலே ஒரு ஃபேன் கடகடவென்று ஓடியது. இவர் அதையே பார்த்துக்கொண்டு, "பேரிங் போச்சு" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்தார். ஊர் பார்க்க உட்கார்ந்திருக்கும்போது அவர் என் கையைப் பிடித்தது கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால்தான். அதுவும் சாமியார் சொன்னதால்.

டாக்டர் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். "கேன்சர் இல்ல. கேன்சரா மாறப்போற அறிகுறியும் இல்ல." சுற்றி வளைக்காததற்கு அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

பிறகு விளக்கினார். இந்த வயதில் மாதாமாதம் முட்டை வெளிவருவது தாறுமாறாகும். வராத மாதத்தில் உள்சவ்வை வளர்க்கும் ஹார்மோன் மட்டும் வேலை செய்யும். வளர்ந்ததை அடக்கிவைக்கும் இன்னொரு ஹார்மோன் சுரக்காது. சவ்வு தடித்துக்கொண்டே போய் ஒருநாள் தாறுமாறாகக் கொட்டும். "வராத அந்த ஹார்மோனைத்தான் மாத்திரையா குடுக்கிறோம்" என்றார்.

"அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்குமா டாக்டர்?"

"அது இப்ப சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க அம்மா இல்ல. நீங்க வந்துட்டீங்க."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். இவர் வண்டியை எடுக்கப் போனார். போனவரைக் காணோம். போய்ப் பார்த்தால் வண்டிப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறார். கண் சிவந்திருந்தது.

"கண்ல வார்னிஷ் பட்ருச்சு" என்றார்.

ஆமாம் என்றேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜிகர்தண்டா குடித்தோம்.

ஜூலை 12, சனி

திரும்ப வகுப்பு. இவர் காரைச் சுத்தம் செய்து, பழைய சீட் உறைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டியிருக்கிறார். எனக்குத் தெரியாமல்தான். இவருக்கு எல்லாமே எனக்குத் தெரியாமல்தான்.

மாத்திரையால் வயிறு உப்பிக்கொண்டு நிற்கிறது. எரிச்சலும் வருகிறது. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்ற ஜெனிட்டாவைத் தட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்கே போகச் சொன்னேன். ஐந்து நிமிஷம் கழித்து ருசி பார்த்தேன். கூடித்தான் இருந்தது.

ஜூலை 19, சனி

மாத்திரை புதன்கிழமையோடு முடிந்தது. இன்று காலை திரும்ப ரத்தம்.  எல்லாம் முதலிலிருந்தா? டாக்டருக்குப் போன் செய்தேன்.

"மாத்திரை நிறுத்தினா வரும்னு சொன்னேனேம்மா? அது வரணும். சவ்வு கழிஞ்சு போகுது. பழைய மாதிரி கட்டியா, நிக்காம கொட்டினா மட்டும் வாங்க."

சொல்லியிருந்தார். பயத்தில் மறந்துபோனது. ராத்திரிக்குள் குறைந்துவிட்டது. சாதாரணமாக, மற்ற பெண்களுக்கு வருகிற மாதிரி வந்தது. மற்ற பெண்களுக்கு இப்படித்தானா இருக்கும்? இவ்வளவுதானா?

ஆகஸ்ட் 2, சனி

அடுத்து என்ன என்று முடிவுசெய்யப் போனோம். மதினியும் வந்தே தீருவேன் என்று கூட வந்தார்.

நான் ராபியத் அக்கா சொன்னதைக் கேட்டேன். "டாக்டர், எடுக்காம வேற வழி இருக்கா?"  எவ்வளவு சின்னக் கேள்வி.

இருக்கிறது என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னார். மாத்திரையையே மாதாமாதம் கணக்காகப் போடலாம். அல்லது கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் காயில் வைக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக அங்கேயே மருந்து கசியும், பல வருஷத்துக்கு வரும். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகத் தீட்டுப் படும், பொறுமை வேண்டும். இது எதற்கும் அடங்காவிட்டால் மட்டும் ஆபரேஷனை யோசிக்கலாம்.

மதினி விடவில்லை. "எதுக்கு டாக்டர் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கிட்டு? மொத்தமா எடுத்துட்டா வேலை முடிஞ்சுதுல்ல?"

அப்போது இவர் பேசினார். கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரலில். "அக்கா, காயில் போச்சுன்னு என் கடைக்குக் கொண்டாற மோட்டாரையெல்லாம் நான் தூக்கிக் கிணத்துல போட்டா எவன் எனக்கு வேலை குடுப்பான்? காயிலைத்தான மாத்திக் குடுக்கிறேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்காவிடம் இவர் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. மதினியும் பார்த்ததில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"உடம்பு ஜெயசீலியோடது. அவ சொல்லட்டும்" என்று இவர் முடித்துக்கொண்டார்.

காயில் என்றேன்.

வைக்கும்போது வலித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வலித்தது. நர்ஸ் கையை நசுக்கிவிட்டேன். ஆனால் வலி சீக்கிரம் விட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு படுத்தேன். சாயங்காலம் மதினி ரசம் வைத்து எடுத்து வந்தார். ஒரு யோசனையும் சொல்லவில்லை. ரசம் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தினமும் சொட்டு. கொட்டவில்லை, ஆனால் நிற்கவுமில்லை. சலிப்பாக இருக்கிறது. பிடுங்கிப் போட்டுவிடலாமா என்றுகூட இன்று தோன்றியது.

ராபியத் அக்காவிடம் புலம்பினேன். அவர் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தார். "நான் இந்த ரிவர்சுக்கு எத்தனை நாளா இந்தத் தண்ணித் தொட்டியில இடிக்கிறேன்? நீங்க என்ன விட்டுட்டா போனீங்க?" என்றார். சொல்லிவிட்டுத் தொட்டியில் இடித்தார்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். ரத்தப் பரிசோதனை முடிவும் இன்றுதான் வந்தது. ஹீமோகுளோபின் பதினொன்றைத் தாண்டிவிட்டது. டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்து, இரும்புச் சத்து மாத்திரையை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தொடரச் சொன்னார்.

பச்சரிசியைப் பார்த்தால் பச்சரிசியாகத்தான் தெரிகிறது. கோயில் மணிக்கூண்டுப் படி முழுக்க ஏறினேன், ஜெனிட்டாவுக்கு முன்னால். மேலே நின்று பார்த்தால் மலைக்கோட்டை வெயிலில் ஒரு பெரிய சட்டி கவிழ்ந்தது போல.

அங்கே வைத்துத்தான் அவளிடம் சொன்னேன். அம்மாச்சிக்கு வந்தது வயிற்றுக் கோளாறு இல்லை. இன்னதுதான் வந்தது, இப்படித்தான் மறைத்தார்கள் என்று. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "எனக்கு அதிகமாப் போனா உன்கிட்ட சொல்லலாமா?" என்றாள்.

"போகுதா?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

சொல்ல வேண்டும் என்றேன். சொல்லலாம் இல்லை, சொல்ல வேண்டும்.

அக்டோபர் 10, வெள்ளி

ராபியத் அக்கா லைசென்ஸ் வாங்கிவிட்டார்! ஆர்டிஓ அலுவலகத்தில் எட்டுப் போட்டுக் காட்டி, ரிவர்சும் எடுத்தார். தொட்டி எதுவும் இல்லாததால் எதிலும் இடிக்கவில்லை. இன்ஸ்பெக்டர், "டவுனுக்குள்ள ஓட்டுவீங்களாம்மா?" என்று கேட்டார். "அதெல்லாம் லைசென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடியே ஓட்டிட்டேன்" என்று சொல்லப் போனவரின் காலை மிதித்தேன்.

சொட்டுப் படுவதும் குறைந்து குறைந்து எப்போது நின்றது என்றே தெரியவில்லை. இந்த மாதம் எதுவும் வரவில்லை. இந்தக் காயிலில் அப்படி ஆவது உண்டு, பயப்பட வேண்டாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

நவம்பர் 9, ஞாயிறு

கண் விழித்தபோது வீடு முழுக்க வெளிச்சம். ஜன்னல் வழியே வெயில் கட்டில்வரை வந்து கிடந்தது. பதறி எழுந்து கடிகாரத்தைப் பார்த்தேன். பூசை முடிந்தே இருக்கும். வீட்டில் ஒருவருமில்லை. என்னை எழுப்பாமலே போயிருக்கிறார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நான் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டது இதுதான் முதல் தடவை.

படபடப்பு அடங்கியதும் யோசித்துப் பார்த்தேன். இரவு ஒருமுறைகூட எழவில்லை. கனவும் இல்லை. கல் மாதிரித் தூங்கியிருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் வருத்தம் வரமாட்டேன் என்கிறது.

காப்பி போட்டு, முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, ஆற அமரக் குடித்தேன். துவைக்க எதுவும் இல்லை. மறைக்க எதுவும் இல்லை.

இருவரும் கறியும் இடியாப்பமும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஜெனிட்டா உள்ளே வரும்போதே விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, கோயில் வாசல்ல பிலோமினா அத்தை, 'ஜெயசீலி எங்க, உடம்பு சரியில்லையா?'ன்னு கேட்டாங்க. அப்பா சொன்னாங்க பாரு! சாமியார், உபதேசியார், கோயில் பிள்ளை அத்தனை பேரும் திரும்பிப் பாக்குற மாதிரி, 'அவ தூங்குறாக்கா!'ன்னாங்க. நான் மாநிலத்துலயே முதல் மார்க் எடுத்த மாதிரி சொல்றாங்க."

இவர் ஒன்றும் தெரியாதவர் போல இடியாப்பப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் எழுப்பல?" என்றேன்.

"அப்படித் தூங்குற ஆளை எப்படி எழுப்புறது?" என்றார். "பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் மெதுவா கதவைச் சாத்திட்டுப் போனோம்."